லேசர் மாற்றித் தருகிறேன் என்று வாங்கி, இருந்த லேசரையும் எரித்து அனுப்பினார்கள் - பழைய கன்சோல் வைத்திருப்பவர்கள் கவனம்!

டிஸ்க் போட்டு கேம் ஆடும் பழைய கன்சோலை, டிஸ்க்கைப் படிக்கும் லேசரை மாற்றக் கொடுக்கும் யோசனையில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். ஒரு புது லேசரின் விலையைப் போல நான்கு மடங்கு பணம் கட்டினேன். லேசரை மாற்றவே இல்லை. அதைவிட மோசம், பாதியாவது ஓடிக்கொண்டிருந்த லேசரையும் எரித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது பிளேஸ்டேஷன் 2. பெரிய மாடல், 39000 வரிசை. கொஞ்ச காலமாக அடிப்பக்கம் நீலமாக இருக்கும் டிஸ்க்குகள் ஒழுங்காக ஓடின, வெள்ளி நிற டிஸ்க்குகளைப் போட்டால் மட்டும் சுற்றிச் சுற்றி நின்றுவிடும். நீலம் என்றால் சிடி, வெள்ளி என்றால் டிவிடி. இரண்டையும் படிப்பது ஒரே லேசர் யூனிட்தான், ஆனால் சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி வேண்டும், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி வேண்டும். ஒன்று தளர்ந்து மற்றது நன்றாக இருப்பது இந்த மெஷினில் சாதாரணம். லென்ஸைத் துடைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. லேசர் மாற்றுவதுதான் வழி என்று தெரிந்துவிட்டது.

துடைக்கப் பிரித்தபோதே உள்ளே எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்தேன். லேசர் ஓடும் தண்டின் ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பற்சக்கரம் இருக்கும். அதுதான் லென்ஸின் சாய்வைத் தீர்மானிக்கிறது. கொஞ்சம் நகர்ந்தாலும் டிஸ்க் படிக்காது. அதனால் அது நின்ற இடத்தை மார்க்கரால் கோடு போட்டு வைத்தேன். இது முக்கியம், பின்னால் வருகிறேன்.

புது லேசர்கள் பலவற்றில் நிலைமின்சாரத்திலிருந்து காப்பதற்காக ஒரு துளி சோல்டர் வைத்து அனுப்புவார்கள். மாட்டும்போது அதை எடுக்க வேண்டும். அந்த நுணுக்கமான வேலைக்குக் கை பழகியவர் வேண்டும் என்றுதான் ஆள் தேடினேன். பழைய கேம் சாமான்களுக்கென்றே இருக்கும் ஒரு ஆன்லைன் சந்தையில் பழுதுபார்ப்பு செய்து தருபவர் ஒருவர் கிடைத்தார். நிறைய நட்சத்திரங்கள், நல்ல கருத்துகள்.

அவர் பேசிய விதத்தில்தான் நம்பிக்கை வந்தது. "பின்னாடி ஸ்டிக்கர்ல இருக்கிற மாடல் நம்பர் சொல்லுங்க சார். நீல டிஸ்க் ஓடுதா? வெள்ளி மட்டும்தான் போச்சா? அப்போ டிவிடி சைடு வீக் சார்" என்று நான் சொல்லும் முன்பே சொன்னார். வேலை தெரியாதவர் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். கேஎச்எஸ்-400சி லேசர்தான் இதற்குப் பொருந்தும் என்றார், அதுவும் சரி. அப்புறம் பிங்க் நிற ஆன்டி-ஸ்டேட்டிக் கவருக்குள் பளபளவென்று ஒரு லேசரைப் படம் பிடித்து அனுப்பினார். "உங்களுக்காக எடுத்து வெச்சுட்டேன் சார்." விலை அதிகம்தான், லேசரின் விலையைப் போல நான்கு மடங்கு. ஆனால் கூலி, சோதனை, ஆறு மாத உத்தரவாதம் எல்லாம் சேர்த்து என்றார். முழுப் பணத்தையும் முன்பே கட்டினேன்.

மெஷின் திரும்பி வந்தது. வெள்ளி டிஸ்க் ஓடியது. அவ்வளவு சந்தோஷம். ஆனால் சில நாட்களிலேயே வீடியோ காட்சிகள் திக்க ஆரம்பித்தன, அப்புறம் வெள்ளி டிஸ்க் அடியோடு நின்றது. அடுத்து நீல டிஸ்க்கும் நின்றது. எது போட்டாலும் இப்போது டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று காட்டும் சிவப்புத் திரைதான்.

பழுதுபார்த்தவருக்கே செய்தி அனுப்பினேன். முதல் பதில்: "டிஸ்க் அழுக்கா இருக்கும் சார், துடைச்சுப் பாருங்க." துடைத்தேன். அடுத்து: "காப்பி டிஸ்க் போட்டீங்களா சார்?" எல்லாம் ஒரிஜினல், படம் எடுத்து அனுப்பினேன். அடுத்து: "பழைய மெஷின் சார், போர்டு போயிருக்கும், அதுக்கு நாங்க பொறுப்பில்லை." பழைய மெஷின் என்று எனக்குத் தெரியாதா? 2000-இல் வெளிவந்தது, 2013-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பழசாகி லேசர் போனதால்தானே அவரிடம் கொடுத்தேன்! உத்தரவாதத்தை நினைவூட்டியதும் "சரி, அனுப்புங்க, இரண்டு பக்கக் கூரியர் செலவும் உங்களோடது" என்றார். அதற்குப் பிறகு செய்தியைப் படித்ததாகக் காட்டும், பதில் வராது.

சந்தைத் தளத்தில் புகார் கொடுத்தேன். பொருள் என் கைக்கு வந்ததாகக் கூரியரில் பதிவாகி, குறிப்பிட்ட கெடுவும் முடிந்ததால் ஆர்டர் தானாகவே மூடப்பட்டுவிட்டதாம். மூடிய ஆர்டருக்குப் பணம் திருப்பித் தர விதி இல்லையாம். ஒரே வாசகத்தை வேறு வேறு ஆட்களின் பெயரில் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். நான் இணைத்த படங்களை ஒருவர்கூடத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

இனி யாரிடமும் கேட்டுப் பயனில்லை என்று நானே பிரித்தேன். டிரைவின் மேல்மூடியில் இருக்கும் நான்கு திருகுகளைக் கழற்றியதுமே புரிந்துவிட்டது. லேசரில் ஓரம் கிழிந்த அதே பழைய ஸ்டிக்கர். என்னிடம் இருந்த படத்தோடு வைத்துப் பார்த்தேன், அதே கிழிசல். நான் மார்க்கரால் போட்ட கோட்டிலிருந்து வெள்ளைச் சக்கரம் விலகி நிற்கிறது. லேசரின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு குட்டித் திருகுகளிலும், அதாவது சிடிக்கும் டிவிடிக்கும் போகும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டர்களில், ஸ்க்ரூடிரைவர் கீறிய புதுத் தழும்பு.

இவர் செய்தது இதுதான். புது லேசர் போடவில்லை. அந்தத் திருகைத் திருப்பி மின்னோட்டத்தை ஏற்றிவிட்டார். அணையப்போகும் விளக்கின் திரியைத் தூண்டுவது போல, கொஞ்ச நாள் பிரகாசமாகப் படிக்கும், அந்தச் சூட்டிலேயே லேசர் ஒளியைத் தரும் டயோடு போய்விடும். டிவிடி பக்கத்தையாவது சாகக் கிடந்தது என்று சொல்லலாம். நல்ல நிலையில் இருந்த சிடி பக்கத்தையும் ஏன் தொட்டார்? மீட்டர் வைத்து அளக்காமல் கண்ணை மூடித் திருப்பியிருக்கிறார். இதற்குத்தான் நான்கு லேசர் வாங்கும் பணம். ஒரு சின்னத் திருகைத் திருப்பியதற்கு!

தெரியாமல் கெடுத்திருந்தால்கூட இவ்வளவு வலிக்காது. அந்த மனிதருக்கு எல்லாம் தெரியும். எந்த லேசர் என்று தெரியும், எந்தப் பக்கம் தளர்ந்தது என்று தெரியும், திருகைத் திருப்பினால் எவ்வளவு நாள் தாங்கும் என்றும் தெரிந்திருக்கும். ஆர்டர் தானாக மூடும்வரை ஓடினால் போதும், அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். கொடுப்பதற்கு முன் லேசரின் ஸ்டிக்கரையும் அந்த இரண்டு திருகுகளையும் கிட்டத்தில் படம் எடுங்கள். கழற்றிய பழைய லேசரைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள், தயங்கினால் கொடுக்காதீர்கள். முழுப் பணத்தை முன்பே கட்டாதீர்கள். மெஷின் வந்ததும் நீலம், வெள்ளி இரண்டையும் மணிக்கணக்கில் ஓடவிட்டுப் பாருங்கள், ஆர்டர் மூடும் முன்பே புகாரைப் பதிவு செய்யுங்கள். நட்சத்திரங்களை நம்பாதீர்கள், நான் எழுதிய கருத்து அவர் பக்கத்தில் இப்போது இல்லை.

பிங்க் கவர் லேசர் படம் வந்தால், அதே லேசர் உங்கள் மெஷினுக்குள் உட்கார்ந்திருக்கும் படத்தையும் கேளுங்கள். என்னை ஏமாற்றிய ஆள் அந்தக் கவர் படத்தைப் போட்டு இன்னமும் ஆர்டர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.