நைட்ரஜன்-15 ஏற்றிய நியூக்ளியோசைடு: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

டிஎன்ஏவின் ஆக்சிஜனேற்றச் சேதத்தை அளக்க நாங்கள் தேடுவது 8-ஆக்சோ-டிஜி என்ற நியூக்ளியோசைடை, அதாவது டிஎன்ஏவின் கட்டுறுப்பான டிஜி (டீஆக்சிகுவானோசின்) ஆக்சிஜனேறினால் உருவாகும் மூலக்கூறை. ஐந்து நைட்ரஜன் அணுக்களும் நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் சற்றுக் கனமான ஐசோடோப்பு) ஆக உள்ள அதே மூலக்கூறை ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவு கலந்து, எல்சி-எம்எஸ் கருவியில் (மூலக்கூறுகளைப் பிரித்து நிறையால் அடையாளம் காண்பது) ஏற்றுகிறோம். கருவி காட்டும் நிறை எண்ணில் சாதாரணமானது 284-இலிருந்து 168-க்கு உடையும். ஐசோடோப்பு ஏற்றியது 289-இலிருந்து 173-க்கு. கலந்த பிறகு மாதிரி எவ்வளவு வீணானாலும் இரண்டும் ஒரே விகிதத்தில்தான் வீணாகும். இந்த வேலையில் ஐசோடோப்பு ஏற்றிய அளவுகோல் எங்களை ஒருநாளும் கைவிடவில்லை.

டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய வகையின் குறைந்த விலை ஆசை காட்டும். ஆனால் ரிவர்ஸ் ஃபேஸ் பிரிப்பில் (நீரை விலக்கும் பொருள் நிரப்பிய குழாய் வழியே பிரிக்கும் முறை) அது சற்று முன்னதாகவே வெளியேறுகிறது. சிறுநீர் போன்ற கலங்கலான மாதிரியில் அந்தச் சிறு இடைவெளியே போதும். ஒன்றின் அயனியாக்கம் (கருவி காண்பதற்காக மின்னேற்றம் பெறுவது) அமுங்கும், மற்றதற்கு ஒன்றும் ஆகாது. நைட்ரஜன்-15 வகையின் உச்சியோ (வரைபடத்தில் எழும் முகடு) சாதாரணமானதன் மேலேயே அச்சு அசலாகப் படிகிறது. கூடுதல் பணம் தண்டமில்லை.

சான்றிதழில் உள்ள ‘98 அணு சதவீதம்’ (நைட்ரஜன் அணுக்களில் 98 சதவீதம் நைட்ரஜன்-15) பலரை ஏமாற்றும். ஐந்து அணுக்களுக்கும் பெருக்கிப் பாருங்கள்: முழுதும் நைட்ரஜன்-15 கொண்ட மூலக்கூறு ஏறத்தாழ 90 சதவீதம்தான், மீதியில் பெரும்பகுதி 288-இல் தென்படும். அதனால் கேடில்லை. 284-இல் ஏதாவது தெரிந்தால்தான் கவலை, அது மாதிரியின் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே புதுக் குப்பி வந்ததும் அதை மட்டும் தனியாக ஓட்டி, அந்தச் சாளரத்தைப் பார்த்துவிடுவோம்.

ஒரு மில்லிகிராம் தூள் குப்பியின் சுவரில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதை எடைபோட முயலவே வேண்டாம். குப்பியிலேயே முழுதும் கரைத்து, புற ஊதா உறிஞ்சலால் செறிவைக் கணித்து, சிறு பங்குகளாக உறையவைப்பதே நல்லது.

பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. மாதிரியைத் தயாரிக்கும்போதே, சுவடளவு இரும்பு பட்டாலும் சாதாரண டிஜி ஆக்சிஜனேறி, போலியான 8-ஆக்சோ-டிஜி உருவாகிவிடும். கலந்து வைத்த மூலக்கூறு இழப்பை ஈடுகட்டும். இந்தப் போலியைக் காட்டிக்கொடுக்காது. அதற்காக, ஆக்சிஜனேறாத நைட்ரஜன்-15 டிஜியைத் தனிக் குழாயில், நொதியால் டிஎன்ஏவைச் செரிக்கும் கட்டத்தில் சேர்க்கிறோம். அந்தக் குழாயில் வழக்கமான 8-ஆக்சோ-டிஜி அளவுகோலைச் சேர்க்கக் கூடாது. இல்லாவிட்டால் இரண்டும் 289-இலேயே வந்து குழப்பும். அங்கே எழும் உச்சி முழுவதும் நாமே உண்டாக்கிய போலி. இரும்பைப் பிடித்துவைக்கும் டெஸ்ஃபெராக்சமின் சேர்க்கத் தொடங்கிய பிறகு எங்களிடம் அது கண்கூடாகத் தாழ்ந்தது.