குறைந்த எடை எது: லீஸ்ட்டா, கேஸா?

பாம்பனில் நண்டு வாங்கும் ஒரு வியாபாரிக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். கரையில் ஒரு எடை, கம்பெனியில் ஐஸ் தண்ணீர் வடிந்த பிறகு ஒரு எடை. எது குறைவோ அதற்குத்தான் காசு. தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் மொழியில் இதை எழுத இரண்டு வழி: கொடுத்த மதிப்புகளில் சிறியதைத் தரும் ‘லீஸ்ட்’ (LEAST), நிபந்தனை பார்த்து மதிப்பை எடுக்கும் ‘கேஸ்’ (CASE).

லீஸ்ட் என்றால் அடைப்புக்குறிக்குள் இரண்டு எடையையும் போட்டால் முடிந்தது. கேஸில் ‘கரை எடை குறைவா, அதை எடு, இல்லையென்றால் கம்பெனி எடையை எடு’ என்று நீட்டி எழுத வேண்டும். மூன்றாவது எடை ஒன்று வந்தால் கேஸ் நண்டு வலைதான், பிரித்தெடுப்பதற்குள் விடிந்துவிடும். லீஸ்ட்டுக்கு இன்னொரு கமா போதும்.

சரி, அப்புறம் என்ன யோசனை? வில்லங்கம் ‘நல்’ (NULL) எனும் காலி மதிப்பில். கரை எடை 42 கிலோ, வண்டி இன்னும் கம்பெனிக்குப் போய்ச் சேரவில்லை என்று வையுங்கள். மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் ஆகிய தரவுத்தளங்களில் லீஸ்ட் காலியையே தரும். போஸ்ட்கிரஸ் காலியை ஒதுக்கிவிட்டு 42 என்று சொல்லும். கேஸ் இன்னும் விசித்திரம்: காலியோடு ஒப்பிட்டால் ‘ஆம்’ என்ற பதிலே வராது, நேரே ‘இல்லையென்றால்’ எனும் எல்ஸ் (ELSE) பகுதிக்குப் போய்விடும். மேலே எழுதிய வரிசையில் விடை காலி. கம்பெனி எடையை முதலில் சோதித்து, கரை எடையை எல்ஸில் வைத்திருந்தால் 42!

மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தில் லீஸ்ட் 2022 பதிப்பில்தான் வந்தது. பழைய பதிப்பில் நான் கேஸ்தான் எழுதுவேன். எஸ்க்யூலைட்டில் ‘மின்’ (MIN) என்பதற்கே இரண்டு மதிப்பு கொடுக்கலாம்.

நான் லீஸ்ட்டை வைத்துக்கொண்டு, கம்பெனி எடை வராத வரிகளை எந்த வரிகள் வேண்டும் என்று சொல்லும் ‘வேர்’ (WHERE) நிபந்தனையிலேயே விலக்கிவிட்டேன். வியாபாரியும் அதைத்தான் கேட்டார்: “எடை வரட்டும் தம்பி, அப்புறம் காசு போடலாம்.”