மஞ்சள் கெண்டையும் உறைந்த திரையும்: சொந்தக் கர்னலுடன் இரண்டு ஆண்டுகள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கர்னலை மூலநிரலிலிருந்து நானே தொகுத்து என் மடிக்கணினியில் ஓட்டத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. பெங்களூரு அல்சூரில் ஒற்றை அறை வீடு, ஏஎம்டியின் ரைசன் 6000 வரிசைச் செயலி, டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பு. இத்தனை நாளில் வைஃபை ஒருமுறையும் என்னைக் கைவிட்டதில்லை. ஒலியும் அப்படியே. சண்டித்தனம் செய்ததெல்லாம் திரைதான்.

வேகம் கூடும் என்று நம்பி யாரும் இதில் இறங்க வேண்டாம். கணினி எழுந்திருக்கும் நேரத்தில் ஓரிரு விநாடி மிச்சமாகிறது. பேட்டரியில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. என் கணினிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

முதல் அடி கர்னலின் 6.1 பதிப்பில் விழுந்தது. டெபியனின் அமைப்பில், திரையை இயக்கும் ஏஎம்டிஜிபியு டிரைவர் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் தனித் துண்டாக, அதாவது மாட்யூலாக இருக்கும். அதைக் கர்னலுக்குள்ளேயே சேர்த்துவிட்டால் சீக்கிரம் எழுந்துவிடுமே என்று ஒரு மேதாவித்தனம் செய்தேன். மறுதொடக்கம் செய்தால், "இனிஷியல் ராம்டிஸ்க் ஏற்றப்படுகிறது" என்ற வரியோடு திரை உறைந்துபோனது. பத்து நிமிடம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தற்செயலாகக் கேப்ஸ்லாக் விசையில் விரல் பட்டது. விளக்கு எரிந்தது, மறுபடி அழுத்தினால் அணைந்தது. செத்த கணினி அப்படிச் செய்யாது. வேறொரு கருவியிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக, கைபேசியிலிருந்து கூப்பிட்டேன். சாவகாசமாகக் கடவுச்சொல் கேட்டது! உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, முகம் மட்டும்தான் இல்லை.

கர்னலின் பதிவுகளைப் புரட்டினால் காரணம் அங்கேயே எழுதியிருந்தது. "யெல்லோ கார்ப்" என்று தொடங்கும் ஃபர்ம்வேர் கோப்பை (சில்லுக்குள் ஏற்றவேண்டிய நிரல்) ஏற்ற முடியவில்லை, பிழை எண் -2. அந்த எண்ணுக்குக் 'கோப்பு இல்லை' என்று பொருள். ஏஎம்டி தன் வரைகலைச் சில்லுகளுக்கு நிறத்தையும் மீனையும் சேர்த்துப் பெயர் வைத்த காலம் ஒன்று உண்டு. என் சில்லுக்கு வாய்த்தது மஞ்சள் கெண்டை. கோப்பு வட்டில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் கர்னலுக்குள் குடிவைத்த டிரைவர், வட்டு இணைக்கப்படும் முன்பே விழித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் கையிலிருப்பது இனிஷியல் ராம்டிஸ்க் என்ற சிறு மூட்டை மட்டும். என் மூட்டையில் அந்தக் கோப்பு இல்லை. குளத்தில் தண்ணீர் விடும் முன்பே கெண்டையைத் தேடியிருக்கிறது. அதற்குள், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் கொடுத்திருந்த தற்காலிகத் திரையையும் டிரைவர் பிடுங்கிக்கொண்டதால் பழைய வரி அப்படியே உறைந்து நின்றது. டிரைவரை மீண்டும் மாட்யூலாக மாற்றினேன், தீர்ந்தது. உள்ளேயே வைத்தாக வேண்டும் என்பவர்கள் ஃபர்ம்வேரையும் கர்னலோடு சேர்த்தே தொகுக்கலாம். அதற்குத் தனி அமைப்பு இருக்கிறது.

இரண்டாவது பிழை முழுக்க என் சோம்பல். தொகுத்து முடித்ததும் கர்னலுக்கு ஒரு டெப் கோப்பும் (டெபியனில் நிறுவும் பொதி), வெளி மாட்யூல்களைக் கட்ட உதவும் அதன் ஹெடர்களுக்கு ஒன்றும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. ஹெடர் எதற்கு என்று விட்டுவிட்டேன். மறுநாள் அலுவலகத்தில், மடிக்கணினியை வெளித்திரையோடு இணைக்கும் டாக்கில் செருகினால் வெளித்திரை இருட்டு. அந்த டாக் டிஸ்ப்ளேலிங்க் வகை. அதன் மாட்யூல் கர்னலோடு வருவதில்லை. ஒவ்வொரு புதுக் கர்னலுக்கும் டிகேஎம்எஸ் என்ற கருவி அதைப் புதிதாகக் கட்டவேண்டும், அதற்கு ஹெடர் வேண்டும். கூட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருந்தபோது இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

வெளிச்ச விசை வேலை செய்யாமல் போன கதை சின்னது. தொடக்கத்திலேயே திரை தெரியட்டும் என்று சிம்பிள்டிஆர்எம் என்ற எளிய திரை டிரைவரைச் சேர்த்தேன். அது முதல் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஏஎம்டிஜிபியு இரண்டாவதாகப் போக, பின்னொளியின் பெயரில் இருந்த 0 என்ற எண் 1 ஆகிவிட்டது. என் ஸ்கிரிப்ட் பழைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

என்னை உண்மையிலேயே அலையவைத்தது 6.6 கர்னலுக்கு மாறியபின் வந்த துடிப்பு. எதையாவது படித்துக்கொண்டிருக்கும்போது திரை கண் சிமிட்டுவதுபோல் ஒரு துடி துடிக்கும். சுட்டியை அசைத்தால் நின்றுவிடும். கீல் பக்கத்து கேபிள் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, சனிக்கிழமை மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு மாடிப்படிக்குக் கீழே பழுதுபார்க்கும் கடை; உட்கார்ந்திருந்தவர் வேலூர்ப் பக்கத்துக்காரர். மூடியை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினார். விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு மறுதொடக்கம் செய்து, பயாஸ் திரையிலேயே நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

"பயாஸிலும் துடித்தால் கேபிள், தம்பி. இங்கே துடிக்காமல் உள்ளே போனதும் துடித்தால் என்னிடம் மருந்து இல்லை."

"எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும், அண்ணா?"

"டீ குடித்துவிட்டு வாருங்கள்."

டீ குடித்து வந்தும் துடிக்கவில்லை. காசு வாங்கிக்கொள்ளவில்லை. புதுக் கேபிளும் கூலியும் மிச்சமானது அவர் கைப்பக்குவத்தால்தான்.

வீட்டுக்கு வந்து தேடியதில் பிஎஸ்ஆர் மீது சந்தேகம் விழுந்தது. திரையில் எதுவும் மாறாதபோது, பேனல் தன்னிடம் உள்ள படத்தையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொள்ளும் மின்சேமிப்பு ஏற்பாடு அது. சுட்டி அசைந்தால் துடிப்பு நின்றதற்கு இப்போது பொருள் விளங்கியது. கர்னலை ஏற்றிவிடும் கிரப்பில், ஏஎம்டிஜிபியுவின் டிசிடிபக்மாஸ்க் என்ற அளவுருவுக்கு 16 என்று கொடுத்தால் பிஎஸ்ஆர் அணைந்துவிடும். கொடுத்தேன். அன்றிரவே அடங்கியது.

இப்போதெல்லாம் புதுக் கர்னலைப் போடும்போது டெபியனின் சொந்தக் கர்னலை நீக்குவதே இல்லை. கிரப் பட்டியலில் அது எப்போதும் இரண்டாவது வரியில் நிற்கும். எஸ்எஸ்ஹெச் சேவையும் ஓடிக்கொண்டே இருக்கும். தொகுக்கவேண்டிய மாட்யூல்களைப் பொறுக்கித் தரும் 'லோக்கல்மாட்கான்ஃபிக்' ஓட்டுமுன் டாக், வெளித்திரை, ஹெட்செட் என்று வீட்டில் இருப்பதையெல்லாம் செருகிவிடுவேன். அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டுமே அது வைத்துக்கொள்ளும், செருகாத பொருளின் டிரைவர் போய்விடும்.

போன மாதம் 6.12க்கு வந்தேன். துடிப்பு சரியாகியிருக்குமோ என்ற நப்பாசையில் அந்த 16ஐ எடுத்துவிட்டேன். இன்றோடு பதினொரு நாள், திரை துடிக்கவில்லை. கிரப் கோப்பில் அந்த வரியை அழிக்கவில்லை. முன்னால் ஒரு # மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.