கவுண்டி கிளார்க்கா, மாநில அலுவலகமா? அமெரிக்க விவாகரத்து ஆவணம் பெறும் வழிகள்

அமெரிக்காவில் விவாகரத்து பெற்ற ஒருவரிடம் இருக்கும் தாளை, அது எதுவாக இருந்தாலும், நாம் ‘டைவர்ஸ் பேப்பர்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அதைக் கேட்கும் அலுவலகம் அப்படி அடக்குவதில்லை. அந்தத் தாள்கள் மூன்று வகை. முதலாவது, நீதிபதி கையெழுத்திட்ட தீர்ப்பாணை. பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும், வீடும் ஓய்வூதியச் சேமிப்பும் எப்படிப் பிரிய வேண்டும், மனைவி தம் பழைய பெயருக்குத் திரும்பலாமா என்பது வரை அதில் இருக்கும். சில வழக்குகளில் நான்கைந்து பக்கத்தில் முடியும், சிலவற்றில் ஒரு சிறு புத்தகத்தின் கனத்துக்கு வளரும். இரண்டாவது, மாநிலச் சுகாதாரத் துறை தரும் சுருக்கச் சான்றிதழ். இருவரின் பெயர், தேதி, கவுண்டி (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) என்ற அளவில் அது நின்றுவிடும். மூன்றாவது, சரிபார்ப்புக் கடிதம். இப்படியொரு விவாகரத்து எங்கள் பதிவில் இருக்கிறது என்பதற்கு மேல் அது பெரிதாக ஒன்றும் சொல்லாது. இம்மூன்றில் எது தேவை என்பதைத் தீர்மானிக்காமல் விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தொடங்குவதால்தான் பலர் ஒரே வேலைக்கு இருமுறை பணம் கட்டுகிறார்கள்.

விவாகரத்து அங்கே மாநிலச் சட்டத்தின் கீழ் வருவது. நாடு முழுவதற்குமான ஒரே விவாகரத்துப் பதிவேடு என்று எதுவும் இல்லை. கூட்டாட்சி நீதிமன்றங்களின் ‘பேசர்’ என்ற வழக்குத் தேடல் தளத்தில் பெயரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ‘பதிவே இல்லை’ என்று பதறுபவர்கள் உண்டு. திவால் வழக்குகள் கிடைக்கும் அந்தத் தளத்தில் குடும்ப வழக்கு கிடைக்காது, ஏனெனில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விவாகரத்து வழங்குவதில்லை. மூலக்கோப்பு இருப்பது, பெரும்பாலும், வழக்கு நடந்த கவுண்டியின் நீதிமன்ற கிளார்க்கிடம், அதாவது கோப்புகளைக் காக்கும் அதிகாரியிடம். அவருடைய பதவிப்பெயர்தான் ஊருக்கு ஊர் மாறும். டெக்சஸில் டிஸ்ட்ரிக்ட் கிளார்க், இல்லினாயில் சர்க்யூட் கிளார்க், கலிபோர்னியாவில் சுப்பீரியர் கோர்ட்டின் கிளார்க். பென்சில்வேனியாவின் பல கவுண்டிகளில் ‘புரோத்தனோட்டரி’ என்ற, வாயில் நுழையாத பெயர். நியூயார்க்கில் விவாகரத்து வழங்குவது ‘சுப்ரீம் கோர்ட்’. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், அங்கே அது விசாரணை நீதிமன்றம்தான். அம்மாநிலத்தின் ஃபேமிலி கோர்ட்டுக்கு விவாகரத்து வழங்கும் அதிகாரமே கிடையாது என்பதால், பெயரை நம்பி அங்கே போய் நிற்பவர்கள் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். நியூஜெர்சி இன்னொரு விதம்: வழக்கு எந்தக் கவுண்டியில் நடந்திருந்தாலும், முடிந்துபோன வழக்கின் தீர்ப்பாணை நகலை டிரென்டனில் உள்ள சுப்பீரியர் கோர்ட் ஆவண மையத்திடம் கேட்கலாம்.

இனி இரு பெரிய வழிகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். மாநில அலுவலகத்தின் கவர்ச்சி, ஒரே முகவரி, ஒரே படிவம், பெரும்பாலும் குறைந்த கட்டணம் என்பதில் இருக்கிறது. புளோரிடா 1927 ஜூன் 6 முதலான விவாகரத்துகளுக்கு 5 டாலருக்குச் சான்றிதழ் தருகிறது. இல்லினாய் 1962 முதலானவற்றை அதே 5 டாலருக்குச் சரிபார்த்துச் சொல்லும். ஆனால் தீர்ப்பாணையைத் தராது. டெக்சஸ் 1968 முதலானவற்றுக்கு 20 டாலர் வாங்கிக்கொண்டு சரிபார்ப்புக் கடிதம் அனுப்பும். சான்றளித்த நகலுக்கு அது ஈடாகாது என்பதை அத்துறையே சொல்லிவிடுகிறது. நியூயார்க் 1963 முதலானவற்றுக்குச் சான்றிதழ் தரும். அஞ்சலில் கேட்டால் 30 டாலர். கலிபோர்னியாவின் நிலைமைதான் வேடிக்கை: அம்மாநிலச் சுகாதாரத் துறையிடம் இருப்பது 1962 முதல் 1984 ஜூன் வரையிலான விவாகரத்துகளின் குறிப்பு மட்டுமே, அதையும் பெற ஆறு மாதத்துக்கு மேல் ஆகலாம். மென்பொருள் வேலைக்காக 1990-களுக்குப் பிறகு சான் ஹோசேக்கும் ஃப்ரீமான்டுக்கும் வந்து குடியேறிய ஒருவருக்கு அந்த அலுவலகத்தால் எந்தப் பயனும் இல்லை. அவர் சான்டா கிளாரா கவுண்டிக்கோ அலமீடா கவுண்டிக்கோதான் போயாக வேண்டும்.

கவுண்டி தருவது முழுத் தீர்ப்பாணை. அதனால்தான் அதன் மதிப்பு வேறு. மறுமணத்துக்குப் பிறகு வாழ்க்கைத்துணையின் குடியேற்றத்துக்காக ஐ-130 மனு போடும்போது, முந்தைய மணம் சட்டப்படி முடிந்ததற்கான சான்றைக் குடிவரவுத் துறை கேட்கிறது. குறைந்தது 10 ஆண்டு நீடித்த மணவாழ்வுக்குப் பின் பிரிந்தவர், முன்னாள் துணையின் கணக்கில் சோஷியல் செக்யூரிட்டி உதவித்தொகை கோரும்போதும் இதே நிலைமைதான். பெயரை மீட்க வேண்டும் என்றால், அதற்கான வரி தீர்ப்பாணைக்குள்தான் இருக்கும். ஒரு பக்கச் சான்றிதழில் அதைத் தேடிப் பயனில்லை. ஆகவே, எந்த அலுவலகத்துக்குக் கொடுக்கப் போகிறோமோ அவர்கள் ‘சுருக்கச் சான்றிதழே போதும்’ என்று எழுத்தில் சொல்லாதவரை, மாநில அலுவலகத்தை இரண்டாம் இடத்தில் வைப்பதே என் கணக்கு.

அந்த இரண்டாம் இடத்துக்கும் ஒரு நல்ல வேலை உண்டு. எந்தக் கவுண்டி என்றே தெரியாத நேரத்தில், டெக்சஸின் அந்த 20 டாலர் கடிதம் வழிகாட்டிப் பலகையாகிவிடும். டாலஸ் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். எர்விங் இருப்பது டாலஸ் கவுண்டியில், பிளேனோவின் பெரும்பகுதி காலின் கவுண்டியில். ஃபிரிஸ்கோ நகரமோ காலின், டென்டன் என்ற இரண்டு கவுண்டிகளில் காலை அகட்டி நிற்கிறது. டெக்சஸ் சட்டப்படி, வழக்குத் தொடுப்பவரோ எதிர்த்தரப்போ மாநிலத்தில் ஆறு மாதமும், அந்தக் கவுண்டியில் 90 நாளும் குடியிருந்தால் போதும். பிரிந்த பின் கணவர் ஒரு நகரத்திலும் மனைவி வேறொரு நகரத்திலும் வாடகைக்குப் போயிருந்தால், வழக்கு இந்த மூன்று கவுண்டிகளில் எங்கே வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். மூன்று கவுண்டிக்கும் தனித்தனியே எழுதிக் காத்திருப்பதைவிட, மாநிலத்தின் ஆண்டுவாரி அட்டவணையில் கவுண்டியைக் கண்டுகொண்டு, பிறகு அந்த ஒரே கிளார்க்கிடம் போவது அறிவான செயல்.

ஆவணத்தை யார் பார்க்கலாம் என்பதிலும் மாநிலங்கள் ஒன்றுபடவில்லை. டெக்சஸில் தீர்ப்பாணை பொது ஆவணம். நீதிமன்றம் முத்திரையிட்டு மூடாதவரை, கட்டணம் கட்டி நகல் கேட்கும் உரிமை யாருக்கும் உண்டு. கலிபோர்னியாவிலும் அது பொது ஆவணமே, ஆனால் குடும்ப வழக்கின் தாள்களை வீட்டிலிருந்தபடி இணையத்தில் திறந்து படிக்க நீதிமன்ற விதிகள் பொதுமக்களுக்கு இடம் தருவதில்லை. வழக்கு எண், நடவடிக்கைப் பட்டியல் போன்றவற்றைத் தூரத்திலிருந்து பார்க்கலாம், உள்ளே இருப்பதைப் பார்க்க நீதிமன்றக் கணினிக்கு முன்னால்தான் உட்கார வேண்டும். நியூயார்க் கதவையே சாத்திவிடுகிறது. அம்மாநிலக் குடும்ப உறவுச் சட்டத்தின் 235-ஆம் பிரிவின்படி, தரப்பினரும் அவர்தம் வழக்கறிஞரும் தவிர வேறு எவருக்கும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல், 100 ஆண்டு வரை கோப்பைக் காட்டக் கூடாது. மன்ஹாட்டனில் நடந்த வழக்கென்றால் 60 சென்டர் ஸ்ட்ரீட்டில் உள்ள கவுண்டி கிளார்க் அலுவலகத்துக்கு அடையாள அட்டையுடன் நேரில் போகலாம். வேறொருவரை அனுப்பினால் நோட்டரி முன் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் வேண்டும். மகளுக்கு வரன் பார்க்கும் பெற்றோர், மாப்பிள்ளையின் பழைய வழக்கை ‘விசாரித்துப் பார்க்க’ நினைத்தால், நியூயார்க்கில் அது நடக்காது, டெக்சஸில் நடக்கும். அது சரியா என்பது வேறு கேள்வி.

நேரில் போவதும் அஞ்சலில் கேட்பதும் ஒன்றல்ல. கோப்பு கணினியில் ஏறியிருந்தால், நேரில் போனவர் பெரும்பாலும் அன்றே நகலோடு வெளியே வரலாம். சான்றளித்த நகல் என்பது என்ன என்பதைக் கையில் வாங்கியவுடன் பார்த்துக்கொள்ள வேண்டும்: ‘இது அசலின் உண்மை நகல்’ என்ற வாசகம், தேதி, துணைக் கிளார்க்கின் கையெழுத்து, நீதிமன்ற முத்திரை. சில இடங்களில் முத்திரை மையில் இருக்கும். சில இடங்களில் காகிதத்தை அழுத்தி எழுப்பியிருப்பார்கள், விரலால் தடவினால் மேடு தெரியும். மேடாக இருக்கும் முத்திரை ஸ்கேன் செய்தால் தெரியாமல் போகலாம் என்பதால், மின்னஞ்சலில் அனுப்ப வேண்டியவர்கள் பென்சிலால் லேசாக நிழல் தீட்ட ஆசைப்படுவார்கள். தாளின் மேல் எதுவும் தீட்டாதீர்கள்.

அஞ்சல் வழியின் பெரிய தொல்லை கட்டணம். எத்தனை பக்கம் என்று தெரியாமல் எவ்வளவு பணம் அனுப்புவது? கலிபோர்னியாவில் சாதாரண நகல் பக்கத்துக்கு 50 சென்ட். வழக்கு எண் இல்லாமல் கேட்டு, தேடுவதற்கு 10 நிமிடத்துக்கு மேல் ஆனால் தேடல் கட்டணம் 15 டாலர். அதனால் அங்குள்ள நீதிமன்றங்கள் ஒரு பழைய வழக்கத்தை இன்னமும் வைத்திருக்கின்றன: காசோலையில் தொகையை எழுதாமல், ‘இத்தனை டாலருக்கு மிகாமல்’ என்று மட்டும் குறித்து அனுப்பினால், கிளார்க் உரிய தொகையை நிரப்பிக்கொள்வார். தபால்தலை ஒட்டி, உங்கள் முகவரி எழுதிய உறையையும் கூடவே வைக்க வேண்டும். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கேட்பவரிடம் அமெரிக்க வங்கிக் காசோலையும் இருக்காது, அந்நாட்டுத் தபால்தலையும் இருக்காது. கவுண்டி இணையவழிப் பணம் ஏற்காவிட்டால், அங்குள்ள நண்பர் ஒருவரை வரிசையில் நிற்கச் சொல்வதே எளிது.

கட்டணத் தளங்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. வைட்டல்செக் போன்ற, பல மாநிலங்கள் அங்கீகரித்த நிறுவனம், கூடுதல் சேவைக் கட்டணம் வாங்கிக்கொண்டு மாநில அலுவலகத்தின் சான்றிதழையே தருவிக்கிறது, அவசரத்துக்கு உதவும். ‘யாருடைய விவாகரத்தையும் நொடியில் காண்க’ என்று விளம்பரம் செய்யும் ஆள்தேடும் தளங்கள் கொடுப்பது திரட்டிய தகவலே தவிர, அதில் முத்திரையும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

தமிழருக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும்: பெயர். கிளார்க்கின் அட்டவணை குடும்பப்பெயர் வரிசையில் இருக்கும். நமக்கோ குடும்பப்பெயர் இல்லை, தந்தை பெயரும் தலைப்பெழுத்தும்தான். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தவருக்கு விசாவில் முதற்பெயர் இருக்கும் இடத்தில் ‘எஃப்என்யூ’, அதாவது ‘முதற்பெயர் அறியப்படவில்லை’ என்று போட்டிருப்பார்கள். அவருடைய வழக்கும் அதே மூன்றெழுத்தின் கீழ் பதிவாகியிருக்கலாம். தமிழ்ச்செல்வி என்ற பெயரின் ழகரத்தை ஆங்கிலத்தில் ஓரெழுத்தால் எழுதியவரும் உண்டு, ஈரெழுத்தால் எழுதியவரும் உண்டு. ஒரு வடிவம் கிடைக்கவில்லை என்றால் அடுத்த வடிவம், அதுவும் இல்லையென்றால் தந்தை பெயர், பிறகு கணவர் பெயர் என்று எல்லாவற்றையும் தேடச் சொல்லிப் படிவத்திலேயே எழுதிவிடுவது நல்லது. வழக்கு எண் தெரிந்தால் இந்தப் பாடு எதுவும் இல்லை. பழைய வழக்கறிஞரின் கட்டண ரசீதில்கூட அது இருக்கலாம்.

ஆவணம் இந்தியாவுக்குப் போக வேண்டுமென்றால் போட்டி முடிந்தது, கவுண்டி நகலே வேண்டும். திருப்பதியில் நடந்த ஒரு திருமணத்தை மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் கவுண்டி நீதிமன்றம் முறித்ததைப் பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. எந்த அடிப்படையில் வழங்கிய வெளிநாட்டு விவாகரத்து இங்கே செல்லும் என்பதற்காகவே அத்தீர்ப்பை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் துணைக் கிளார்க் சான்றளித்த ஒளிநகலைச் சாட்சியமாக ஏற்கலாமா என்பதையும் நீதிபதிகள் அதில் நுணுக்கமாக ஆராய்ந்து, ஒளிநகல் என்பதற்காக மட்டும் அதைத் தள்ள முடியாது என்றார்கள். ஆனால் அமெரிக்காவில் உள்ள இந்திய அரசின் பிரதிநிதி தரும் சான்று அதில் இல்லாததால், அதைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று முடித்தார்கள். வெளிநாட்டு ஆவணத்தைத் தூதரகச் சான்று இல்லாமலே ஏற்க வழிசெய்யும் அப்போஸ்டில் ஒப்பந்தம் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2005-இல். இன்று தீர்ப்பாணை வழங்கிய மாநிலத்தின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம், கிளார்க்கின் கையெழுத்தைச் சரிபார்த்து அப்போஸ்டில் தாளைத் தருகிறது. கலிபோர்னியாவில் 20 டாலர், டெக்சஸில் 15. சரிபார்க்கக் கையெழுத்து வேண்டும் என்பதால் சாதாரண நகலுக்கு அது கிடைக்காது.

கிளார்க்கிடம் போகும்போதே இரண்டு மூன்று சான்றளித்த நகல்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று அப்போஸ்டிலுக்குப் போய்விடும். அந்தத் தாளையும் தீர்ப்பாணையையும் சேர்த்து அடித்த பின்னை, வசதியாக ஒளிநகல் எடுப்பதற்காகக்கூடப் பிரிக்கக் கூடாது. பிரித்த தடம் தெரிந்தால் ஏற்க மறுத்துவிடுவார்கள், மறுபடியும் கவுண்டியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.