பெரிய ப்ளெக்கோவோடு அனுபியாஸ்: குறை சொல்ல முடியவில்லை, அதுதான் குறை

வாயால் ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டும் கெளுத்தி வகை மீனான ப்ளெக்கோவைப் புதிதாக வாங்கிய நண்பர் ஒருவர், அந்த மீன் இருக்கும் தொட்டியில் எந்தச் செடி நிற்கும் என்று கேட்டார். அனுபியாஸ் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். பதில் சரிதான். ஆனால் அதை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் நான். அந்த அனுபவத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

ப்ளெக்கோவின் அடிப்படை விவரங்கள் உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன். விரல் நீளத்தில் வாங்குகிற அந்த சாதாரண ப்ளெக்கோ, 30 செ.மீ.யைத் தாண்டி வளரும். பகலெல்லாம் மரக்கட்டைக்கு அடியில் கிடக்கும், விளக்கை அணைத்த பிறகுதான் அதற்குப் பொழுது விடியும். 'செடியைத் தின்னுமா?' என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பெரும்பாலும் தின்னாது. இடிக்கும், தோண்டும், சுரண்டும். செடிக்கு அது போதாதா?

உடம்பு முழுக்க எலும்புத் தகடு, துடுப்புகளின் முன்பக்கத்தில் கெட்டியான முள். இப்படி ஒரு மீன் பயந்துபோய் ஒரு தடவை வாலை வீசினாலே போதும், மணலில் புதிதாக ஊன்றிய எதுவும் மறுநாள் காலையில் தண்ணீர் மேல் மிதக்கும். கிரிப்டோகோரின் எனக்குப் பிடித்த செடிதான். ஆனால் இடம் மாற்றினாலே இலைகளைக் கரைத்துவிட்டு, பிறகு மெதுவாகப் புதிது விடுகிற சுபாவம் அதற்கு. வேர் பிடிக்க வாரக்கணக்கில் அமைதி கேட்கும் செடியையும் அமைதி என்றால் என்னவென்றே தெரியாத மீனையும் ஒரே தொட்டியில் குடிவைப்பது இருவருக்கும் கொடுமை.

அமேசான் ஸ்வார்டு கதை வேறு. கனமான வேர், பெரிய செடி, அடியில் நாலு கல்லை அணைத்து வைத்தால் பிடுங்கிக்கொண்டு வராது. பிரச்சினை இலையில். அகலமாக, சாய்வாக, மேலே மெல்லிய பாசிப் படலத்தோடு இருக்கும் அந்த இலையில் ப்ளெக்கோ வந்து ஒட்டிக்கொண்டால், பாசியோடு இலையின் தோலும் போய்விடும். காலையில் பார்த்தால் நடு நரம்பும் பக்க நரம்புகளும் முழுதாக நிற்கும். இடையில் பச்சை இருக்காது, ஒளி ஊடுருவும் மெல்லிய சவ்வு மட்டும் இருக்கும். இன்னும் இரண்டு நாளில் அதுவும் கிழிந்து ஃபில்டர் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். விளக்கை அணைக்கும் நேரத்தில் வெள்ளரித் துண்டோ அடியில் மூழ்கும் உணவு வில்லையோ போட்டால் சுரண்டல் நன்றாகவே குறைகிறது. குறைகிறது என்றுதான் சொன்னேன், நிற்கிறது என்று சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் அனுபியாஸ் ஜெயிக்கிறது. மணலே தேவையில்லை. படுத்த வாக்கில் வளரும் தடித்த தண்டை மரக்கட்டையில் கட்டிவிட்டால் போதும், வேர் தானாகப் போய்க் கட்டையைப் பிடித்துக்கொள்ளும். மீன் எவ்வளவு தோண்டினாலும் இதற்குக் கவலை இல்லை. இலை தோல் போலத் தடிப்பு. போதாததற்கு, சேம்பு குடும்பத்துச் செடி; அந்தக் குடும்பத்துக்கே உரிய கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் இதிலும் உண்டு, கடிப்பவர் வாய்க்கு இதமாக இருக்காது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் நிழலான ஓடைக்கரைகளிலிருந்து வந்தது என்பதால் மங்கலான வெளிச்சமே போதும். ப்ளெக்கோவுக்கும் அதுதான் வேண்டும். சத்தைத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும்; ப்ளெக்கோ போடுகிற கழிவுக்கு அந்தத் தண்ணீரில் நைட்ரேட்டுக்குப் பஞ்சமே வராது.

கட்டுவதில் மட்டும் கவனம் வேண்டும். தண்டை மணலுக்குள் புதைத்தால் அழுகிவிடும். அழுகத் தொடங்கிய தண்டை விரலால் அழுத்தினால் கொழகொழவென்று அமுங்கும், நாறும். அந்தப் பகுதியை நல்ல இடம் வரை வெட்டி எறிய வேண்டியதுதான். பருத்தி நூல் கொஞ்ச நாளில் இற்றுப்போகும், அதற்குள் வேர் பிடித்திருந்தால் சரி. இவ்வளவு பெரிய மீன் இருக்கும்போது நான் அதை நம்புவதில்லை. தூண்டில் நரம்பு அல்லது கெட்டிப் பசையாக வரும் சூப்பர் குளூ. சயனோஅக்ரிலேட் மட்டுமே உள்ள பசையாக இருக்கட்டும், ஈரம் பட்டதும் இறுகிவிடும், மீனுக்குக் கெடுதல் இல்லை. அப்புறம் கட்டை. சின்னக் கட்டையில் ஒட்டினால் செடி கட்டையோடு சேர்ந்து ஊர்வலம் போகும். மீன் அசைக்க முடியாத கனம் இருக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் பலகைக்கல்லை வைத்துத் திருகி விடுங்கள்.

எதிர்பாராத லாபம் ஒன்று. மெதுவாக வளரும் செடி என்பதால் அனுபியாஸ் இலையில் பாசி படிவது எல்லாத் தொட்டியிலும் உள்ள தொல்லை. என் தொட்டியில் அது கிடையாது. ஸ்வார்டை நாசம் பண்ணுகிற அதே வாய், இந்த இலைகளைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறது.

எரிச்சல் ஆரம்பிப்பதும் அந்தப் பளபளப்பில்தான். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "இது பிளாஸ்டிக்கா?" அசையாது, ஆடாது, ஃபில்டர் எவ்வளவு வேகமாகத் தண்ணீரைத் தள்ளினாலும் விறைத்துக்கொண்டு நிற்கும். ஒரு இலை விட வாரங்கள் எடுக்கும். போன வருடப் படத்தையும் இந்த வருடப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் மீன் எங்கே இருக்கிறது என்பது ஒன்றுதான் வித்தியாசம். உயிருள்ள செடி வளர்க்கிறோம் என்ற நினைப்புக்குத் தீனியே கிடையாது. ஒரு தடவை தண்ணீருக்குள்ளேயே பூத்தது. வெளிறிய சிறு மடல், நடுவில் கதிர், நீளமான காம்பு. நான் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துப் பார்த்தேன். மறுநாள் காம்பு மட்டும் நின்றது. யார் வேலை என்று விசாரிக்கத் தேவையில்லை.

ஜாவா ஃபெர்னும் கட்டையில் கட்டும் ரகம்தான், கொஞ்சம் உயிரோட்டமும் உண்டு. இலை நுனியிலேயே குட்டிச் செடி முளைப்பதைப் பார்க்க நன்றாக இருக்கும். அதில் ஒன்று கவனியுங்கள்: பழைய இலைகளில் ஊசி குத்திய மாதிரி ஓட்டையும் சுற்றி மஞ்சளும் தெரிந்தால் மீனைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் பொட்டாசியம் குறைவு. மீன் சுரண்டினால் நரம்பு மிஞ்சும், திட்டுத் திட்டாகத் தெரியும். இலைக்கு அடியில் வரிசையாக இருக்கும் பழுப்புப் புள்ளிகள் ஃபெர்ன் இனம் பெருக்கும் வித்துத் தூள் (ஸ்போர்) இருக்கும் இடம், நோய் இல்லை. பஞ்சு மாதிரி அடர்ந்து படரும் ஜாவா மோஸ் வேண்டவே வேண்டாம். ப்ளெக்கோ மரத்தைச் சுரண்டிப் போடுகிற கழிவு முழுவதும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வாலிஸ்நேரியாவை மீனுக்கு முன்பே நட்டு, ஓடுதண்டு விட்டுப் புதர் ஆன பிறகு மீனை விடுகிற வாய்ப்பு உங்களுக்கு இருந்தால் அதைச் செய்யுங்கள். நீள நீளமான இலை நீரோட்டத்தில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மீன் ஏற்கெனவே உள்ளே இருந்தால் கஷ்டம். மேலே மிதக்கும் செடிகளுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. சால்வினியா போட்ட பிறகு என் ப்ளெக்கோ பட்டப்பகலில் வெளியே வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. மேலே நிழல் விழுந்ததும் அதற்குத் தைரியம் வந்துவிட்டது. அள்ளிப் போடுகிற மிச்சத்தை உலர்த்தி எறியுங்கள், குளம் குட்டையில் போடாதீர்கள். சால்வினியாவும் சரி, ப்ளெக்கோவும் சரி, பல நாடுகளின் நீர்நிலைகளில் புகுந்துகொண்டு வெளியேற மறுக்கிற ஆட்கள்.

சரி, தீர்ப்பு. பெரிய ப்ளெக்கோவுக்கு அனுபியாஸை விடப் பொருத்தமான செடியை நான் பார்த்ததில்லை. மறுபடி வாங்குவேனா என்றால், மாட்டேன். பாதித் தொட்டிக்கு இந்த ஜடம் போதும். போன வாரம் இன்னொரு அமேசான் ஸ்வார்டு வாங்கி, மண்சட்டியில் நட்டு, சுற்றிலும் உருண்டைக் கல் அடுக்கி வைத்திருக்கிறேன். முதல் இலையில் ஏற்கெனவே சன்னல் விழுந்துவிட்டது. அதனால் என்ன, நடுவிலிருந்து இரண்டு புது இலை சுருள் பிரிந்துகொண்டிருக்கிறது.

நண்பருக்கு அனுபியாஸ் வேண்டுமென்றால் கடைக்கே போக வேண்டாம். ஒரு துண்டுக்கு மூன்று நான்கு இலை வருகிற மாதிரி வெட்டி நானே தருகிறேன், எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.