வயலா, ஆய்வகமா, ஆலையா? வேளாண் பணிகள் குறித்து ஓர் ஒப்பீடு

வேளாண்மையிலும் உணவுத் தொழிலிலும் என்ன வேலைக்குப் போகலாம் என்று கேட்கும் இளைஞர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் கிடைக்கிறது. இந்தப் படிப்புக்கு இந்தப் பதவி, இந்தப் பதவிக்கு இவ்வளவு சம்பளம் என்பதோடு அது முடிந்துவிடும். சம்பளம் முக்கியம்தான். ஆனால் ஒரே சம்பளம் தரும் இரண்டு வேலைகளில் ஒன்று ஒருவருக்கு உயிராகவும் மற்றொன்று நரகமாகவும் இருப்பதற்கான காரணம் அந்தப் பட்டியலில் இருக்காது. அதனால் இரண்டு கேள்விகளை முன்வைக்கிறேன். இன்று எடுத்த முடிவு சரியா தவறா என்று எப்போது தெரியும்? தவறானால் நட்டம் யார் தலையில் விழும்?

ஒப்பிட வசதியாக ஒரே பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். கோதுமையைத் தாக்கும் ஃபியூசேரியம் கதிர்க் கருகல் ஒரு பூஞ்சை நோய். பூக்கும் பருவத்தில் ஈரம் நீடித்தால் இது கதிருக்குள் நுழைகிறது. மகசூல் இழப்பு மட்டும் என்றால் தாங்கிக்கொள்ளலாம். இந்தப் பூஞ்சை தானியத்தில் டிஆக்ஸிநிவலினால் என்ற நச்சையும் விட்டுச் செல்கிறது. சாதாரணச் சமையல் சூட்டில் அது எளிதில் அழிவதில்லை. முடிக்கப்பட்ட கோதுமைப் பொருள்களில் பத்து லட்சத்துக்கு 1 பங்குக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. இந்த ஒரு நோயோடு குறைந்தது நான்கு தொழில்கள் மல்லுக்கட்டுகின்றன. நான்கின் அன்றாடமும் வேறு வேறு.

முதலில் சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிர் செய்பவர். கோதுமைக் கதிர் நடுவிலிருந்து பூக்கத் தொடங்கும். மஞ்சள் மகரந்தப்பைகள் வெளியே தொங்கும் அந்த வேளையிலிருந்து மருந்து தெளிக்க ஏறத்தாழ ஐந்தாறு நாள்தான் அவகாசம். மழை வருமா, வராதா? தெளித்து மழை வராவிட்டால் செலவு வீண். தெளிக்காமல் மழை வந்தால் இரண்டு மூன்று வாரங்களில் பச்சைக் கதிர்களுக்கு நடுவே வெளுத்த கதிர்கள் தெரியும். அப்போது செய்ய எதுவும் மிச்சமிருக்காது. அந்த முடிவை அவர் தனியாக, தன் பணத்தை வைத்து எடுக்கிறார். ஆண்டுக்கு ஒரு போகம் என்றால், இருபத்தைந்து வயதில் தொடங்கி அறுபத்தைந்தில் ஓய்வு பெறுபவருக்கு வாழ்நாளில் நாற்பது முறைதான் அந்த வாய்ப்பு. பழத்தோட்டம் போட்டவர் நிலை இன்னும் கடினம். ரகம் தவறு என்று தெரியவே சில ஆண்டுகள் ஆகும். இந்த வேலையைச் 'சுதந்திரமான தொழில்' என்று விற்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை, அது எனக்குக் கோபத்தையே தருகிறது. மூலதனமும் ஒரு கெட்ட ஆண்டைத் தாங்கும் சேமிப்பும் இல்லாதவர்களை நேரே இதில் இறங்கச் சொல்வது நியாயமே இல்லை. அவர்களுக்குப் பெரிய பண்ணைகளில் மேலாளர் வேலை நல்ல வழி. முடிவு எடுக்கும் பழக்கம் வரும், நட்டம் முதலாளியுடையது.

இரண்டாவது ஆலோசகர் அல்லது வேளாண் அறிவை விவசாயிகளிடம் கொண்டுசேர்க்கும் விரிவாக்கப் பணியாளர். மேலோட்டமாகப் பார்த்தால் இவர் விவசாயிக்கு மிக அருகில் இருக்கிறார். நான் கேட்ட இரண்டாவது கேள்வியை வைத்துப் பார்த்தால் வெகுதூரத்தில் இருக்கிறார். மருந்தைச் சொல்பவர் இவர், பணம் கட்டுபவர் அவர். கதிர்க் கருகலுக்கு டிரையசோல் வகைப் பூஞ்சைக்கொல்லி உதவும். ஸ்ட்ரோபிலுரின் வகையைக் கதிர் வெளிவந்த பிறகு தெளித்தால் நச்சு கூடிவிடவும் வாய்ப்புண்டு. செடி பார்வைக்குச் செழிப்பாக இருக்கும், கேடு தானியத்துக்குள் ஒளிந்திருக்கும். சொன்னது தவறு என்பதே சொன்னவருக்குத் தெரியாமல் போகலாம்.

இந்தப் பணிக்குள்ளேயே இரண்டு எதிரெதிர் வேலைகள் உண்டு. ஒன்று உரம், மருந்து போன்ற இடுபொருள்களை விற்கும் நிறுவனத்துக்காக ஆலோசனை சொல்வது. வருமானம் நன்றாக இருக்கும், பயணம் இருக்கும், மாத இலக்கும் இருக்கும். 'இந்த முறை தெளிக்கவே வேண்டாம்' என்று சொல்லவேண்டிய நாளில் அந்த இலக்கு தொண்டையை அடைக்கும். மற்றொன்று அரசு அல்லது பொதுநல அமைப்பின் விரிவாக்கப் பணி. சம்பளம் குறைவு, கோப்புகள் அதிகம். ஆனால் தெளிக்க வேண்டாம் என்று சொல்லும் உரிமை அங்கே இருக்கிறது. அந்த உரிமையின் வலிமையை இந்தோனேசியா காட்டியது. பூச்சிக்கொல்லிகள் சிலந்தி போன்ற இயற்கை எதிரிகளைக் கொன்றதால் நெல்லில் புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி பெருகியது. 1986இல் அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. 1989இல் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. அங்கே விவசாயிகள் வாரந்தோறும் வயலில் இறங்கி, தூரில் உள்ள பூச்சிகளையும் அவற்றைத் தின்னும் பூச்சிகளையும் தாங்களே எண்ணிப் பார்த்து முடிவெடுத்தார்கள். ஆலோசகரின் வேலை கேள்வி கேட்பதாக மாறியது. பேச்சு கைவந்தவர்கள் எல்லாரும் இதற்குப் பொருந்துவார்கள் என்று நினைப்பது தவறு, கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இது ஏற்றது.

மூன்றாவது, பயிர் ரகங்களை உருவாக்குபவர். கோதுமையில் ஒரு கலப்பு செய்வதை அருகில் நின்று பார்க்க வேண்டும். சிறுகதிர்களின் நுனியைக் கத்தரித்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று மகரந்தப்பைகளை முதிர்வதற்கு முன்பே இடுக்கியால் எடுத்து, கதிருக்குக் காகித உறை போட்டு, சூல்முடி தயாரானதும் வேறொரு ரகத்தின் மகரந்தத்தைத் தூவுகிறார்கள். ஒன்று நழுவினாலும் தன்மகரந்தச் சேர்க்கை நடந்து கலப்பு கெடும். இத்தனை நுணுக்கத்துக்குப் பிறகு கிடைப்பது ஒரு சிறங்கை விதைகூட இல்லை. அடுத்த தலைமுறையில் செடிகள் ஒன்றுபோல இருக்கும், அதற்கடுத்ததில் குணங்கள் பிரிந்து செடிக்குச் செடி வேறுபடும், அவை நிலைக்க இன்னும் பல தலைமுறைகள் வேண்டும். பிறகு பல இடங்களில், பல ஆண்டுகள் சோதனை. வயலுக்கு ஒரு ரகம் போய்ச்சேரப் பத்தாண்டு என்பது வழக்கமான கணக்கு.

கதிர்க் கருகலை எடுத்துக்கொண்டால், சீனாவின் சுமாய் 3 என்ற ரகத்தில் நல்ல எதிர்ப்புத்திறன் இருந்தது. 1993இல் அமெரிக்காவின் வட டகோட்டா, மினசோட்டா பகுதிகளில் இந்த நோய் பேரழிவை உண்டாக்கியது. சுமாய் 3 வழி வந்த எதிர்ப்புத்திறனுடன் ஆல்சன் ரகத்தை வட டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகம் 2000இல் வெளியிட்டது. கலப்பு வேலை பேரழிவுக்கு முன்பே தொடங்கியிருந்ததால்தான் அவ்வளவு விரைவில் முடிந்தது. காத்திருப்பைக் குறைக்கும் முயற்சியும் பழையதுதான். 1944இல் மெக்சிகோ சென்ற கோதுமை ஆய்வாளர் நார்மன் போர்லாக், தட்பவெப்பம் மாறுபட்ட இரண்டு இடங்களில் மாறிமாறி விதைத்து ஆண்டுக்கு இரண்டு தலைமுறை எடுத்தார். இன்று நாளுக்கு 22 மணி நேரம் விளக்கொளி தரும் வேக வளர்ப்பு முறையில் கோதுமையில் ஆண்டுக்கு ஆறு தலைமுறை வரை எடுக்க முடிகிறது. இருந்தாலும் வயல் சோதனையை விளக்கால் வேகப்படுத்த முடியாது. இந்த வேலையில் நட்டம் நிறுவனத்துடையது அல்லது வரிப்பணம். உங்கள் பங்குக்குப் போவது ஆண்டுகள். எனக்கு இதன்மீது தனி மரியாதை உண்டு. ஆனால் பாராட்டு மாதாமாதம் வேண்டும் என்பவர்கள் இதில் வாடிப்போவார்கள்.

விதை வங்கிப் பணி இதைவிடவும் நீண்ட காத்திருப்பு. இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராட் முற்றுகையின்போது விதைத் தொகுப்பைத் தின்னாமல் காத்துப் பட்டினியில் இறந்த விஞ்ஞானிகள் இந்தத் தொழிலைச் சேர்ந்தவர்கள்தான். உலக நாடுகளின் விதைகளைக் காக்க நார்வேயில் 2008இல் திறக்கப்பட்ட ஸ்வால்பார்டு விதைப் பெட்டகத்திலிருந்து முதன்முதலாக 2015இல் விதைகள் திரும்பப் பெறப்பட்டன. சிரியப் போரால் அங்கிருந்த தன் வங்கியை இழந்த இக்கார்டா என்ற வறண்ட நில வேளாண் ஆய்வு மையம்தான் அவற்றைக் கேட்டது. பணியிடங்கள் மிகக் குறைவு என்பதைத் தவிர இதற்கு எதிராகச் சொல்ல எதுவும் இல்லை.

நான்காவது, ஆலையின் தரக்கட்டுப்பாடு. காலக்கணக்கில் ரகம் உருவாக்குபவருக்கு நேர் எதிர்முனை. கோதுமை லாரி வாசலில் நிற்கிறது. நீண்ட குழாயைத் தானியத்துக்குள் பல இடங்களில் இறக்கி மாதிரி எடுக்க வேண்டும், ஏனென்றால் நச்சு லோடு முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. ஓரிடத்தில் எடுத்து நல்ல எண் வந்தால் அதை நம்ப முடியாது. மாதிரியை அரைத்து, கலந்து, சோதனைப் பட்டையில் விட்டால் சில நிமிடங்களில் முடிவு. வரம்பைத் தாண்டினால் லாரி திரும்ப வேண்டும். அப்போது ஓட்டுநரும் கொள்முதல் மேலாளரும் உற்பத்திப் பொறுப்பாளரும் உங்களையே பார்ப்பார்கள்.

1960களில் நாசா, பில்ஸ்பரி நிறுவனம், அமெரிக்க இராணுவ ஆய்வகம் ஆகியவை சேர்ந்து விண்வெளி வீரர்களுக்கான உணவைத் தயாரித்தபோது, இறுதிப் பொருளைச் சோதித்தே பாதுகாப்பை உறுதி செய்வதென்றால் பெரும்பகுதியைச் சோதனையிலேயே அழிக்க வேண்டியிருக்கும் என்று கண்டார்கள். தயாரிப்பின் எந்தக் கட்டத்தில் ஆபத்து நுழையும் என்று கண்டறிந்து அங்கேயே தடுக்கும் ஹசாப் முறை அப்படிப் பிறந்தது. இந்த வேலையின் மதிப்பும் அதுதான்: நேராமல் போன கேடு. யாரும் அதற்கு நன்றி சொல்ல வரமாட்டார்கள். ஷிப்டு உண்டு, ஆவணங்கள் உண்டு. வேண்டாம் என்று சொல்லும் துணிவு இல்லாதவர் கையெழுத்திடும் இயந்திரமாகிவிடுவார், நட்டம் அப்போது சாப்பிடுகிறவர் உடம்பில் இறங்கும். புதிய பொருள் உருவாக்கும் பிரிவு இதே ஆலைக்குள் இருந்தாலும் மனநிலை வேறு. அங்கே கெடும் காலத்தைச் சோதிக்கவே மாதங்கள் போகும்.

மற்ற பாதைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளிர்பதனப் போக்குவரத்தில் தவறு மணிக்கணக்கில் தெரியும். வாழைப்பழத்தை 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நன்றாக இறக்கினால் குளிர்க்காயம் பட்டுத் தோல் கருக்கும், பிறகு சரியாகப் பழுக்காது. அவசரத்தில் நிதானம் இழக்காதவர்களுக்கு நல்ல வேலை. செயற்கைக்கோள் படங்களையும் தரவுகளையும் வைத்துச் செய்யும் பணிகள் பெருகியிருக்கின்றன. சென்டினல்-2 போன்ற செயற்கைக்கோள்கள் ஒரே இடத்தைச் சில நாள்களுக்கு ஒருமுறை படமெடுக்கின்றன. ஆனால் படத்தில் மஞ்சளாகத் தெரிவது நோயா, சத்துக் குறைவா, முதிர்ச்சியா என்பதை வயலில் இறங்காமல் தீர்மானிப்பவர்களின் வேலையை நான் நம்புவதில்லை.

இன்னும் தீர்மானிக்காதவர்களுக்கு முதல் வேலையாக ஆலை வாசலையே சொல்வேன். ஒரே ஆண்டில் ஆயிரம் முடிவுகள் எடுத்து, அவற்றின் பலனையும் பார்க்கலாம். அங்கிருந்து ஆலோசனைக்கோ பண்ணைக்கோ போகிறவர் விளைபொருளை வாங்குபவரின் கண்ணோடு போவார். ரக உருவாக்கம் மட்டும் விலக்கு. அதற்கு மேற்படிப்பு தேவை, தள்ளிப்போட்டால் பத்தாண்டுச் சுழற்சிகள் கையில் அதிகம் மிஞ்சாது.

எந்த நேர்காணலுக்குப் போனாலும் அவர்களிடம் நீங்களும் ஒன்று கேளுங்கள். ஆலையில்: கடைசியாக ஒரு லோடைத் திருப்பி அனுப்பியது எப்போது, யார் கையெழுத்திட்டார்? ஆலோசனை நிறுவனத்தில்: மருந்து வேண்டாம் என்று சொன்ன பணியாளரின் மாத இலக்கு என்னவாகும்? விதை நிறுவனத்தில்: கடைசியாக வெளியிட்ட ரகத்தின் முதல் கலப்பைச் செய்தவர் இன்னும் இங்கே வேலை செய்கிறாரா?