அசெர்ட்டி விசைப்பலகையில் ஓகேமல்: நியோவிம், ஈமாக்ஸ், ஹீலிக்ஸ்

ரீயூனியனில், சேன்-ஆந்த்ரே கோயில் பந்தியில் பக்கத்து இலைக்காரத் தம்பி கேட்டான்: "அண்ணா, ஓகேமல் படிக்கிறேன். டெர்மினல்லயே வேலை செய்யணும். நியோவிம்மா, ஈமாக்ஸா, ஹீலிக்ஸா?" ஓகேமல் என்ற நிரல்மொழியை எழுத எந்த எடிட்டர் என்பதுதான் கேள்வி. இலையில் ரசம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே எப்படி விளக்குவது? இப்போது சொல்கிறேன்.

மூன்றுக்கும் மூளை ஒன்றுதான். மதிப்பின் வகையை (type) சொல்வது, பிழையைக் காட்டுவது எல்லாம் மெர்லின் என்ற கருவி பார்க்கும் வேலை. எடிட்டருக்கு இந்த உதவிகளைத் தரும் ஓகேமலின் மொழி சர்வருக்குள் இருப்பதும் அதேதான். அதனால் எது கெட்டிக்காரத்தனமானது என்று பார்ப்பதில் பயனில்லை, விரலுக்கு எது ஒத்துவரும் என்று பார்க்க வேண்டும். நம் மேசையில் இருப்பதோ பிரெஞ்சு அசெர்ட்டி. ஒரு மதிப்பின் வடிவத்துக்கேற்பக் கிளை பிரிக்கும் மேட்ச் எழுதினால் கிளைக்குக் கிளை | வேண்டும். அதற்கு ஆல்ட்ஜிஆரை (ஸ்பேஸுக்கு வலப்பக்க ஆல்ட்) பிடித்துக்கொண்டு 6. [ வேண்டுமென்றால் ஆல்ட்ஜிஆரோடு 5. இத்தனைக்கும் ஓகேமல் பிரான்சின் கணினி ஆய்வு நிறுவனமான இன்ரியாவில் 1996-இல் பிறந்த மொழி!

நியோவிம்மில் முதல் சந்தோஷம், : அடிக்க ஷிஃப்ட் வேண்டாம். கர்சரை நகர்த்தும் எச், ஜே, கே, எல் நான்கும் இடம் மாறவில்லை. தொல்லை எண்களில் வரும்: மூன்று வரி அழிக்க 3 அடித்தால் ஷிஃப்ட். அடுத்த பிழைக்குப் போக ] அடித்து டி (d), அந்த ] மறுபடியும் ஆல்ட்ஜிஆர். எம்முக்கு வலப்பக்க விசை சும்மாதான் கிடக்கிறது, அதை ] ஆக மாற்றிவைத்த பிறகுதான் எனக்கு நிம்மதி. 2025-இல் வந்த 0.11 பதிப்பிலிருந்து மொழி சர்வரை இணைப்பது எளிது. ஆனாலும் அமைப்புக் கோப்பை நீதான் எழுத வேண்டும். எழுதத் தொடங்கினால் அன்று பாடம் படித்த மாதிரிதான்.

ஈமாக்ஸில் டுவாரெக் என்ற ஓகேமல் துணைப்பொதியும் மெர்லினும் சேர்த்தால் கட்டளைகள் பெரும்பாலும் கண்ட்ரோலும் எழுத்துமே. ஆல்ட்ஜிஆர் பக்கம் போக வேண்டியதில்லை. கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-டி (t) அடித்தால் கர்சர் நிற்கும் இடத்தின் வகை கீழே தெரியும். அங்கிருந்து வெளியே வெளியே விரித்துப் பார்க்கலாம். எழுதிய துண்டை அப்படியே, ஓகேமலை வரிவரியாக ஓட்டிப் பார்க்கும் யூடாப்புக்கு அனுப்பி விடையை அங்கேயே பார்ப்பது மற்ற இரண்டிலும் இவ்வளவு இயல்பாக வராது. பழகும் வரை சுண்டுவிரல் வலிக்கும்.

ஹீலிக்ஸுக்கு அமைப்பே வேண்டாம். சர்வர் பாதையில் (PATH) இருந்தால் தானே எடுத்துக்கொள்ளும். தேர்வைக் கைவிட ; போதும், அசெர்ட்டியில் அது ஷிஃப்ட் இல்லாத விசை. ஸ்பேஸ், டி (d) அடித்தால் பிழைகள் பட்டியலாக வரும், ] தேவையே இல்லை. முதலில் தேர்வு, பிறகு செயல் என்பது விம் பழகியவர்களைக் குழப்பும். புதியவனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பிளக்இன் இல்லாத குறை உண்டு. யூடாப்பை, டெர்மினலைப் பலகங்களாகப் பிரிக்கும் டிமக்ஸில் பக்கத்துப் பலகத்தில் திறந்துகொள்ள வேண்டியதுதான்.

மூன்றிலும் கை கொடுப்பது மெர்லினின் 'டிஸ்ட்ரக்ட்'. மாறியின் மேல் நின்று கேட்டால் மேட்ச்சையும் எல்லாக் கிளைகளையும் அதுவே எழுதிவிடும். அத்தனை | மிச்சம்.

இனி நான் மாட்டிக்கொண்ட கதை. ஓகேமலின் பொதி மேலாளரான ஓபாமில் புது ஸ்விட்ச் (தனிக் கம்பைலரும் பொதிகளும் கொண்ட தொகுதி) உருவாக்கினேன், அதில் சர்வரை நிறுவ மறந்தேன். பழைய ஸ்விட்ச்சின் சர்வர் வேறு கம்பைலருக்கானது. திரை முழுக்கச் சிவப்பு. அரை நாள் எடிட்டரைத் திட்டினேன், பாவம். ஒவ்வொரு ஸ்விட்ச்சிலும் தனியே நிறுவ வேண்டும். திட்டத்தைக் கட்டும் கருவியான டூன் ஒருமுறையாவது பில்டு செய்யாவிட்டால் உன்னுடைய மாட்யூலையே 'தெரியாது' என்று சொல்லும். கோப்பு மாறும்போதெல்லாம் தானே பில்டு செய்யும் வாட்ச் முறையில் டூனை ஓடவிட்டு மறந்துவிடு. நிரலை ஒழுங்குபடுத்தும் ஓகேமல்ஃபார்மட் எதுவும் செய்யவில்லையா? திட்டத்தின் வேரில் அதன் பெயரில், புள்ளியோடு தொடங்கும் ஒரு காலிக் கோப்பை வை.

சரி தம்பி, உனக்கு ஹீலிக்ஸ். யூடாப்பில் தட்டித் தட்டிப் பார்த்துக் கற்பவன் என்றால் ஈமாக்ஸ். நான் நியோவிம்மிலேயே இருக்கிறேன். அதற்குக் காரணம் கேட்காதே, பழக்கதோஷம்.